பக்கவாதமும் வீடியோ கேமும்: ஒரு தறிக்காரரின் கணக்கு

சேலம் அம்மாப்பேட்டையில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு தறிக்குழி இருந்தது. இப்போது அதன்மேல் பலகை அடித்து மூடியாகிவிட்டது. பலகைமேல் ஒரு நாற்காலி, எதிரே டிவி, டிவிக்குக் கீழே அண்ணன் மகன் கல்லூரிக்குப் போகும்போது விட்டுப்போன எக்ஸ்பாக்ஸ் என்ற பழைய வீடியோ கேம் பெட்டி, அதன் தலையில் ஆடுகிறவரின் உடம்பசைவைப் பார்க்கும் கினெக்ட் கேமரா. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனுஷர், பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து மூன்று வருஷம் ஆன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு அதே இடத்தில் நின்று டிவியில் பந்து உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னிடம் வந்து தனியாகக் கேட்டார்கள்: இது நிஜமாகவே வேலை செய்யுமா?

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆமாம் என்றால் நாளைக்கே கடன் வாங்கி யாராவது ஒரு பெட்டியை வாங்கிவிடுவார்கள். இல்லை என்றால் அதுவும் பொய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவுடையதை "நாள்பட்ட" பக்கவாதம் என்பார்கள், முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே கொஞ்சம் சீர்செய்துகொள்கிறது, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் இருக்கும். ஆறு மாதம் தாண்டினால் மருத்துவக் கணக்கில் அது நாள்பட்ட நிலை. நம் வீடுகளில் என்ன நடக்கிறதென்றால், அந்த ஆறாவது மாதத்தில் யாரோ ஒருவர், டாக்டரோ உறவுக்காரரோ, "இனிமே இவ்வளவுதாங்க" என்று சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோ வாரம் மூன்று நாள் என்பது ஒரு நாளாகி, பிறகு நின்றுபோகும். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் ஆனது. காசும் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் அலுப்பு. மனிதர் ஒரு துண்டைப் பிடித்து மேலே தூக்கு, கீழே இறக்கு என்று எத்தனை மாதம்தான் செய்வார்?

"இனிமே இவ்வளவுதான்" என்பது உண்மையில்லை. லண்டனில் குயீன் ஸ்குவேர் என்ற இடத்தில், பக்கவாதத்தில் கை பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரம் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டம் நடக்கிறது. அதில் சேர்ந்த 224 பேரின் கணக்கை 2019இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து சராசரியாக ஒன்றரை வருஷம் ஆனவர்கள் அவர்கள். கை தேறியது, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தேர்ச்சி நிலைத்திருந்தது. கவனிக்க வேண்டியது 90 மணி நேரம் என்ற எண்ணை. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் பிசியோ வந்தால் அந்த 90 மணி நேரத்தை எட்ட மூன்றரை வருஷம் ஆகும்.

எல்லாமே இந்த அளவு என்ற விஷயத்தில்தான் சுற்றுகிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2009இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கவாதப் பயிற்சி நடக்கும் இடங்களில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து, ஒரு அமர்வில் நோயாளி கையை உருப்படியாக எத்தனை தடவை அசைக்கிறார் என்று எண்ணினார்கள். கை நீட்டி எதையாவது எடுப்பது, வைப்பது மாதிரியான அசைவுகளை மட்டும் எண்ணியதில் சராசரியாக 32 வந்தது. வசதியான மருத்துவமனைகளிலேயே 32 தடவைதான். மூளைக் காயம் ஏற்பட்ட விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், மூளையில் மாற்றம் தெரிவதற்கு ஒரு அமர்வுக்கு 400 முதல் 600 தடவை வரை செய்ய வைத்திருக்கிறார்கள். மனிதனுக்கும் அதே எண் பொருந்துமா என்பது வேறு விவாதம், ஆனால் 32க்கும் 400க்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஏண்டா கண்ணு, ஒரு சேலைக்கு நாடா எத்தனை தடவை ஓடும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஐந்தரை மீட்டர் சேலைக்கு ஏறக்குறைய 13,000 தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கை கயிற்றை இழுக்கும், மறு கை பலகையை அடிக்கும், கால் மிதியை மாற்றும். "அப்ப முப்பத்திரண்டு தடவைல என்ன நெய்ய முடியும்? அரை அங்குலம்." உலகத்துப் பிசியோதெரபி ஆய்வாளர்கள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை அரை அங்குலத்தில் முடித்துவிட்டார்.

மூளைக்குள் நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தம் போகாமல் செத்துப்போன பகுதி திரும்ப முளைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் மறுபக்கத்து மூளையும் அந்த வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளப் பழகுகின்றன. ஏற்காடு மலைப்பாதையில் மழைக்கு மண் சரிந்தால் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். போய்ச் சேரலாம், ஆனால் பழைய வேகமும் பழைய சொகுசும் இருக்காது, பெரிய வண்டிகள் திணறும். அந்தப் பாதையும் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் பாதையாக இருக்கும். இதற்கு நேர் எதிராக இன்னொன்று நடக்கிறது: விழுந்த கை சரியாக வரவில்லை என்று நல்ல கையையே பயன்படுத்திப் பழகி, கொஞ்சம் வரக்கூடிய கையையும் மூளை மறந்துவிடுகிறது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்து, நல்ல கைக்கு உறை மாட்டிப் பூட்டிவிட்டு விழுந்த கையைத் தினமும் மணிக்கணக்கில் வேலை வாங்கும் முறையை உருவாக்கினார். 2006இல் வெளியான 222 பேர் கொண்ட பெரிய சோதனையில் அது பலன் தந்தது. அங்கேயும் அளவுதான்.

சரி, இதில் வீடியோ கேம் எங்கே வந்தது?

2006 கடைசியில் நிண்டெண்டோ நிறுவனம் வீ என்ற பெட்டியை வெளியிட்டது. கையில் பிடிக்கும் ரிமோட்டுக்குள் அசைவை உணரும் ஒரு சில்லு. ரிமோட்டை மட்டைபோல வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். அதற்கு முன்பு வீடியோ கேம் என்றால் சோபாவில் சரிந்து கட்டைவிரலை மட்டும் ஆட்டுவது. முழு உடம்பும் அசையும் விளையாட்டு, அதுவும் வீட்டு டிவியில், வாங்கக்கூடிய விலையில் என்றதும் மறுவாழ்வு மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து வந்த பேலன்ஸ் போர்டு ஒரு எடைபார்க்கும் பலகை மாதிரி இருக்கும், அடியில் நான்கு எடை உணரிகள், நீங்கள் எந்தக் காலில் எவ்வளவு பாரம் போடுகிறீர்கள் என்பதைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். 2010இல் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட். இதில் கையில் எதுவுமே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை எப்படி விழுகின்றன என்பதிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, உங்கள் உடம்பில் 20 மூட்டுகளை விநாடிக்கு 30 தடவை பின்தொடரும். விரல் மடங்காத, ரிமோட்டைப் பிடிக்க முடியாத கைக்கு இது வரப்பிரசாதம் மாதிரி தெரிந்தது.

(வீ வந்த சில மாதத்திலேயே, 2007இல், ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் வீயில் டென்னிஸ் ஆடி ஆடித் தோளில் கடும் வலி வந்து, அதற்கு "வீஐட்டிஸ்" என்று பெயர் வைத்து ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். விளையாட்டாக எழுதினாலும் விஷயம் விளையாட்டில்லை. நல்ல தோளுக்கே அந்தக் கதி என்றால்.)

இப்போது ஆய்வுகள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கடையில் விற்கும் கேம், அதே நேரத்துக்குச் செய்யும் வேறு பயிற்சியைவிட மேலானது என்று பெரிய சோதனைகள் காட்டவில்லை.

ஒன்று, 2016இல் வெளிவந்த எவரெஸ்ட் சோதனை. கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து என நான்கு நாடுகளில் 14 இடங்கள், 141 நோயாளிகள், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள். வழக்கமான பயிற்சி எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல், பாதிப்பேருக்கு இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, அமர்வுக்கு ஒரு மணி நேரம் வீ விளையாட்டு. மீதிப்பேருக்கு அதே அளவு நேரம் சாதாரணப் பொழுதுபோக்கு: சீட்டாட்டம், மரக்கட்டை அடுக்கி உருவும் ஆட்டம், பந்து ஆட்டம். முடிவில் இரண்டு குழுவின் கைகளும் தேறின, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த விஷயம், வீ தோற்றது இல்லை, சீட்டுக்கட்டு தோற்காததுதான்.

இன்னொன்று இங்கிலாந்தில், 2017. பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் இருந்த, கை பலவீனமான 240 பேர். இவர்கள் மருத்துவமனையில் இல்லை, வீட்டில். தினமும் 45 நிமிடம் வரை, ஆறு வாரம், ஒரு பாதிக்கு வீ, மறு பாதிக்கு அவரவருக்கேற்ற கைப்பயிற்சி. இங்கேயும் பலன் சமம். செலவைப் பார்த்தால் வீ குழுவுக்கு ஆளுக்குச் சுமார் 1,100 பவுண்டு, பயிற்சிக் குழுவுக்குச் சுமார் 730.

தனித்தனிச் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பு 2017இல் 72 ஆய்வுகளை, 2,470 பேரை எடுத்துக்கொண்டது. வழக்கமான பயிற்சிக்குப் பதிலாகக் கொடுத்தால் கையின் செயல்பாட்டில் பெரிதாக எதுவும் கூடவில்லை. வழக்கமான பயிற்சிக்கு மேலே கூடுதலாகக் கொடுத்தால், அதாவது மொத்தப் பயிற்சி நேரம் அதிகமானால், பலன் இருந்தது. மொத்தம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் நல்லது, நோயாளிக்கென்றே வடிவமைத்த விளையாட்டுகள் கடையில் விற்கும் கேமைவிட நல்லது என்ற போக்கும் தெரிந்தது, உறுதியாகச் சொல்கிற அளவுக்கு இல்லை. 2025இல் அதையே புதுப்பித்தபோது ஆய்வுகள் 190, ஆட்கள் 7,188. இந்தத் தடவை மற்றப் பயிற்சியோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோதும் கைக்குச் சின்னதாக ஒரு கூடுதல் பலன் தெரிந்திருக்கிறது. சின்னதாக என்பதை அழுத்திப் படியுங்கள். அதோடு இந்தத் தொகுப்புகளில் மெய்நிகர் உலகம் என்ற பெயரில் தலையில் மாட்டும் கண்ணாடியிலிருந்து டிவி கேம் வரை எல்லாம் ஒரே கூடையில் கிடக்கின்றன.

இதையெல்லாம் படித்த பிறகும் பெரியப்பாவுக்கு ஏன் கினெக்ட் போட்டுக்கொடுத்தேன்?

அந்தச் சோதனைகளில் மறு பாதிக்கு வந்த ஆட்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது, ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆறு வாரம் பயிற்சி செய்தார்கள். மூன்றாம் வருஷத்தில் அம்மாப்பேட்டைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எதிரே உள்ள நிஜமான மாற்று, அந்த ஒழுங்கான கைப்பயிற்சி கிடையாது. ஒன்றுமே செய்யாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கேமும் பயிற்சியும் சமம் என்றால், செய்யப்படுகிற கேம் செய்யப்படாத பயிற்சியைவிட எவ்வளவோ மேல். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது, தெரியும். கேமும் அலுத்துப்போகும். இங்கிலாந்து ஆறு வாரம் பார்த்தது, நான் ஆறு மாதம் பார்த்துவிட்டேன், மூன்றாவது மாதம் அவருக்கும் அலுத்தது. ஆனால் தனியாகப் பந்து உருட்டும்போதுதான் அலுத்தது. அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்து போட்டிக்கு நின்றதும் மறுபடி சூடு பிடித்துவிட்டது. "தாத்தா, உங்க வலது கையில ஆடக்கூடாது, அது கள்ளாட்டம்" என்று அவன் கத்த, இவர் "போடா, உன் வயசுல நான்..." என்று ஆரம்பிக்க, பெரியம்மா நடுவில் வந்து ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நம் வீடுகளில் அதற்கு "முன்ன மாதிரி பேசறதில்ல" என்று மட்டும்தான் பெயர். அந்தச் சத்தத்துக்கு என்ன மதிப்பு என்று எந்த அளவுகோலில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மதிப்பு உண்டு.

இந்தியாவில் செய்த ஒரு பெரிய ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். அட்டெண்ட் என்று பெயர், 2017இல் முடிவு வந்தது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதி வீடுகளில் குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரை நம்பி இருப்பவர்களும் இரண்டு பக்கத்திலும் 47 சதவீதம். குடும்பம் நினைத்தால் எல்லாம் முடியும் என்று நம்புகிற நமக்கு இது கசப்பான செய்தி. சொல்லிக்கொடுப்பதற்கும் தினமும் சில நூறு தடவை நடப்பதற்கும் நடுவே விழுந்துவிடும் இடைவெளிதான் காரணம் என்பது என் அனுமானம். மகன் வேலைக்குப் போகிறான், மருமகளுக்கு அடுப்படி, பேரனுக்குப் பரீட்சை. யார் உட்கார்ந்து எண்ணுவது? கேம் எண்ணும். அதற்கு அலுக்காது, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லாது.

ஆனால் அது எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கினெக்ட் மூட்டுகளையெல்லாம் பார்த்தாலும், எங்கள் விளையாட்டு புள்ளி கொடுத்தது மணிக்கட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு மட்டும். பெரியப்பா முதல் வாரத்தில் பந்தை எடுக்க இடது கையை நீட்டுவதற்குப் பதிலாக முழு உடம்பையும் இடது பக்கம் சாய்த்து மணிக்கட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். திரையில் புள்ளி ஏறியது, முழங்கை ஒரு அங்குலம்கூட நீளவில்லை. வீ ரிமோட்டில் இன்னும் மோசம், டென்னிஸை மணிக்கட்டை லேசாகச் சுண்டியே ஜெயிக்கலாம், நல்ல கை இருக்கிற பிள்ளைகளே சோபாவில் படுத்துக்கொண்டு அப்படித்தான் ஜெயிக்கிறார்கள். மூளை எப்போதும் சுருக்கு வழியைத்தான் கற்கும். தவறான அசைவை 400 தடவை செய்தால் தவறான அசைவில் தேர்ச்சி வரும். தறியில் ஒரு இழை தப்பாக விழுந்தால் அப்போதே பிரித்துவிட வேண்டும், பத்து அங்குலம் போன பிறகு பார்த்துப் பயனில்லை என்று பெரியப்பாவே சொல்வார்.

இதற்குத்தான் பிசியோ வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் வந்து, எந்த அசைவு சரி, எது ஏமாற்று என்று காட்டிக்கொடுக்க. எங்களுக்கு வந்தவர் செய்த முதல் காரியம், உட்கார்ந்து கை நீட்டும் பயிற்சியின்போது ஒரு பெரிய துண்டால் பெரியப்பாவின் நெஞ்சை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டியது. உடம்பு சாய முடியாது என்றானதும் முழங்கை வேறு வழியில்லாமல் நீண்டது. கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் இது ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த முறைதான். ஒரு வாரம் அப்படிப் பழகிய பிறகே மறுபடி டிவி முன்னால் நிற்கவிட்டார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேளுங்கள். காசு கொடுத்து வரவழைக்க முடியாதவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

நின்று ஆடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர் தன்னையறியாமல் நல்ல காலில்தான் பாரத்தைப் போடுவார். "நேரா நில்லுங்க" என்றால் அவருக்கு அதுவே நேர். பேலன்ஸ் போர்டில் ஏறி, திரையில் அந்தப் புள்ளி ஒரு ஓரத்தில் கிடப்பதைப் பார்க்கும்போதுதான் அவருக்கே தெரியும். நடுவுக்குக் கொண்டுவர முயன்றால் விழுந்த காலில் பாரம் ஏறியே ஆக வேண்டும். வாயால் நூறு தடவை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தது ஏற்காட்டில், நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை செய்துவந்த என் நண்பனின் அம்மாவிடம். அவன் பெங்களூரில் யாரிடமோ பழைய போர்டு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். இரண்டு மாதத்தில் புள்ளியை நடுவில் நிறுத்தப் பழகிவிட்டார்கள், எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர ஒரு சரிவு இருக்கிறது, மழை பெய்தால் சேறு, நடுவில் கல் படி, ஒரு படி மாதிரி இன்னொரு படி இருக்காது. சமதளத்துப் பலகையில் வந்த நிதானம் அந்தச் சரிவில் வரவில்லை. மூளை எதைப் பழகுகிறதோ அதைத்தான் கற்றுக்கொள்கிறது, பக்கத்தில் இருக்கும் வேலைக்கு அது தானாகத் தாவுவதில்லை. கடைசியில் தினமும் ஒருவர் இடது பக்கம் நிற்க, அதே சரிவில் நான்கு படி, ஆறு படி என்று ஏறி இறங்கித்தான் அவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். பலகை வீண் என்று சொல்லவில்லை. அது வாசல்வரை கொண்டுவந்து விட்டது.

மூச்சிரைக்க உடம்பை அசைப்பதற்கும் இந்த விளையாட்டுகள் உதவும். பக்கவாதம் வந்தவர்களில் பலர் அடுத்த பக்கவாதத்துக்கோ மாரடைப்புக்கோ பக்கத்திலேயே நிற்கிறவர்கள், நடக்க முடியாததால் உடம்பும் தளர்ந்துவிடுகிறது. நாள்பட்ட பக்கவாத நோயாளிகள் பத்துப் பேரை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வில், வீ டென்னிஸும் குத்துச்சண்டையும் சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தியைச் செலவழிக்க வைத்தன. கொஞ்சம் வேகமான நடைக்குச் சமம். ஐந்து ரோட்டிலிருந்து நாலு ரோடு வரை நடக்க முடியாத ஆளுக்கு அது பெரிய விஷயம்.

அதே காரணத்தால் ஆபத்தும் அதில்தான். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர், வலிப்பு வந்தவர், தோள் மூட்டு இறங்கித் தொங்குகிறவர், ஒரு பக்கத்து உலகமே கவனத்தில் விழாதவர், இவர்களையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் டிவி முன்னால் நிறுத்தக்கூடாது. பெரியப்பாவுக்கு இடது பக்கக் கவனக்குறைவு கொஞ்சம் இருந்தது, கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார், தட்டில் இடது பக்கம் இருக்கும் பொரியலைத் தொடவே மாட்டார். ஆரம்பத்தில் திரையின் இடது பாதியில் வருவது எதுவும் அவருக்குத் தெரியவில்லை, கேம் கெட்டுவிட்டது என்று கோபப்பட்டார். விழுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். ஆட்ட வேகத்தில் மனுஷன் தனக்கு ஒரு கால் சரியில்லை என்பதையே மறந்துவிடுவான், அதுதான் விளையாட்டின் நன்மையும் வினையும். பின்னால் கைப்பிடி வைத்த நாற்காலி, விழுந்த பக்கத்தில் ஒரு ஆள், தரையில் கம்பளம் மிதியடி எதுவும் இல்லாமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வைத்து. கினெக்ட்டுக்கு ஒரு ஆள் நிற்கக் குறைந்தது ஆறடி தூரம் வேண்டும். நம் ஊர் வரிசை வீட்டுக் கூடங்களில் அந்த ஆறடியே பல இடத்தில் கிடையாது. எங்களுக்குத் தறிக்குழி மூடிய இடம் இருந்தது.

காசு விஷயத்தில் ஒன்று. சேலத்தில் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், தலையில் மாட்டும் கண்ணாடியைக் காட்டி, முப்பது அமர்வு, முன்பணம், "நரம்பு புதுசா முளைக்கும்" என்றார்கள். எத்தனை தடவை கை அசையும், முழங்கை நீள்வதை யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. எந்தப் பெட்டியை யார் விற்றாலும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். கினெக்ட் தயாரிப்பு 2017இலேயே நின்றுவிட்டது, வீ அதற்கும் முன்பே. இப்போது கிடைப்பதெல்லாம் யார் வீட்டுப் பரணிலோ கிடந்தவை. இப்போது செல்போன் கேமராவே உடம்பின் மூட்டுகளை ஓரளவு அடையாளம் காண்கிறது, அதனால் தனிப் பெட்டிக்குப் பெரிய தொகை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிடைத்தால் ஆடுங்கள், தேடி அலையாதீர்கள்.

எங்கள் பெட்டி ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் அடாப்டரோடு போய்விட்டது. பழுது பார்ப்பவர் கையை விரித்துவிட்டார். எவரெஸ்ட் சோதனையில் சீட்டாடிய அந்த மறு பாதி எனக்கு நினைவு வந்தது, பெரியம்மா பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினார். புளியங்கொட்டையை இரண்டு விரலில் எடுத்துக் குழி குழியாகப் போடுவது, ஆட்டத்துக்கு நூறு தடவைக்குக் குறையாது, அதுவும் கினெக்ட்டுக்குத் தெரியவே தெரியாத விரல் வேலை. விதி ஒன்றுதான்: இடது கை மட்டும். முதலில் கொட்டை எடுக்க வரவில்லை, பெரிய சோழிகளில் ஆரம்பித்து, பிறகு புளியங்கொட்டைக்கு வந்தார். வலது கை அவ்வப்போது திருட்டுத்தனமாக வரும், பெரியம்மா ஒரு தட்டு தட்டுவார்.

போன வாரம் போயிருந்தேன். சட்டைப் பொத்தான் இன்னும் அவரே போடுவதில்லை, மேல் பொத்தான் இரண்டு மட்டும் போடுவார், அதற்கு ஐந்து நிமிடம். டம்ளரை இடது கையில் பிடித்து வாய்வரை கொண்டுபோகிறார், பாதி டம்ளர் என்றால். நாட்காட்டியின் பின்பக்கத்தில் தினமும் எத்தனை தடவை என்று கோடு கிழித்து வைத்திருக்கிறார், கினெக்ட் நாளிலிருந்து. கூட்டிப் பார்த்தால் 31,000 சொச்சம்.

"மூணாவது சேலை ஓடிட்டிருக்கு கண்ணு," என்றார். "முந்தானைக்கு இன்னும் வரல."